பிரஷர் சுவிட்ச்: மலையில் இருப்பவர்கள் கேட்டதும் என் பதில்களும்

தேயிலை ஃபேக்டரிகளில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு குன்னூரில். அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் மோட்டார் போன்றவற்றைத் தானாக ஓட்டுவதும் நிறுத்துவதும்தான் பிரஷர் சுவிட்ச். அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். (கீழே வரும் 'பார்' அழுத்தத்தை அளக்கும் அலகு.) வந்த கேள்விகள் இவை.

குன்னூர், லாட்ஜ் நடத்துபவர்: அண்ணே, எங்கள் பிரஷர் பம்ப் 2.8 பாரில் நிற்கிறது. ஆனால் 1.4 வரை இறங்கினால்தான் திரும்ப ஓடுகிறது. சுவிட்ச் போய்விட்டதா?

போகவில்லை, அதன் வேலையே அதுதான். நிற்கிற இடம் கட்-அவுட், ஓடத் தொடங்குகிற இடம் கட்-இன். நடுவில் இருக்கும் 1.4 பார் இடைவெளிதான் டிஃபரன்ஷியல். கேட்டலாக்கில் டெட்பேண்ட் என்று போட்டிருந்தாலும் இதே சங்கதிதான். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒருத்தர் பல் விளக்கி முடிப்பதற்குள் மோட்டார் இருபது தடவை ஓடி நிற்கும், கான்டாக்ட் கருகிவிடும். பெரும்பாலான பம்ப் சுவிட்ச்களில் மூடியைக் கழற்றினால் இரண்டு ஸ்பிரிங் தெரியும். பெரிய நட்டைத் திருகினால் கட்-இன், கட்-அவுட் இரண்டும் சேர்ந்து நகரும். சின்ன நட்டு இடைவெளியை மட்டும் மாற்றும். பம்ப் நொடிக்கு நொடி ஓடி நின்றால் சுவிட்சைத் தொடாதீர்கள், முதலில் பிரஷர் டேங்கில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கோத்தகிரி, பாய்லர் உதவியாளர்: சார், சுவிட்சில் காமன், என்ஓ, என்சி என்று மூன்று முனை. 'நார்மல்' என்றால் பாய்லர் ஓடும்போது உள்ள நிலையா?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது, தம்பி. சுவிட்ச் அழுத்தம் எதுவும் இல்லாமல் மேஜை மேல் சும்மா கிடக்கிறதே, அந்த நிலைதான் நார்மல். அப்போது காமனோடு சேர்ந்திருப்பது என்சி (நார்மலி குளோஸ்ட்), பிரிந்திருப்பது என்ஓ (நார்மலி ஓப்பன்). அழுத்தம் ஏறினால் நிறுத்த வேண்டிய வேலைக்குக் காமனிலும் என்சியிலும் வயர் கொடு. அழுத்தம் செட்பாயின்ட்டை, அதாவது நாம் செட் செய்து வைத்த அளவைத் தொட்டால் சர்க்யூட் பிரியும். எலி வயரைக் கடித்தாலும் பிரியும், அப்போதும் நின்றுதான் போகும். என்ஓவில் கொடுத்திருந்தால் வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது.

விறகு பாய்லர் என்றால் இன்னொன்று. சுவிட்ச் அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனைத்தான் நிறுத்தும், அடுப்பில் கிடக்கிற கட்டை எரிந்துகொண்டுதான் இருக்கும். சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்பதை சுவிட்சை நம்பி விட்டுவிடாதே. சுவிட்சுக்கு முன்னால் சுருள் குழாய் இருக்கிறதா? அதில் தண்ணீர் நிரம்பி நிற்க வேண்டும். நீராவி நேராகப் போய் அடித்தால் டயஃப்ரம், அதாவது சுவிட்சுக்குள் அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு, சீக்கிரம் போய்விடும்.

கொடைக்கானல், சீஸ் பேக் செய்பவர்: ஐயா, கோவையில் ஓடிக்கொண்டிருந்த வாக்குவம் மெஷினை வாங்கி வந்தோம். சுவிட்ச் 640 மில்லிமீட்டரில் செட் ஆகியிருக்கிறது. இங்கே பம்ப் நிற்பதே இல்லை. இரண்டு மெக்கானிக் பார்த்து, பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள், அம்மா! இன்று வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. சாதாரண சுவிட்ச் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். அதற்குக் கேஜ் பிரஷர் என்று பெயர். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது காது அடைக்கிறதல்லவா, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வருவதால்தான். கோவையில் அது பாதரச அளவில் 724 மில்லிமீட்டர் போல. 2,100 மீட்டர் உயரத்தில் உங்கள் ஊரில் சுமார் 590தான். மொத்தமே 590 இருக்கும்போது 640ஐ எப்படி உறிஞ்சுவது? பம்ப் புதிதாக வாங்கினாலும் நிற்காது.

கோவையில் 724இல் 640 போக உள்ளே மிஞ்சியது 84. இங்கேயும் அதே 84 மிஞ்ச வேண்டுமானால் செட்பாயின்ட்டை 500க்குப் பக்கத்தில் வையுங்கள். கவரில் மிஞ்சும் காற்று அங்கே இருந்த அளவுதான், சீஸுக்குக் குறை வராது. எந்த ஊரிலும் மாறாத அளவு வேண்டுமானால் அப்சலூட் சுவிட்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூட, உங்களுக்குத் தேவையில்லை.

கீழ்கோத்தகிரி, எஸ்டேட் சூப்பர்வைசர்: மேல் தொட்டியிலிருந்து 80 மீட்டர் கீழே லைனில் 0–6 பார் சுவிட்ச் போட்டோம். சீக்கிரமே கசிகிறது. அதில் ப்ரூஃப் 10 பார் என்று இருக்கிறதே?

10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். தண்ணீர் ஓடாமல் நின்றாலே உங்களுக்கு 8 பார் வந்துவிடும். யாராவது வால்வைப் படக்கென்று மூடினால் ஒரு கணம் 10ஐயும் தாண்டும். ப்ரூஃப் என்பது எப்போதாவது பட்டாலும் செட்டிங் கலையாத எல்லை. தினமும் ஏற்றி வைக்க அல்ல. அதற்கும் மேலே உள்ளது பர்ஸ்ட், அங்கே உடைந்தே போகும். 0–16 பார் சுவிட்ச் வாங்கி, செட்பாயின்ட் ரேஞ்சின் நடுப்பகுதியில் விழும்படி வையுங்கள். அடியைத் தாங்க முன்னால் ஒரு ஸ்னப்பர், அதாவது திடீர் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் சின்னத் தடுப்பு, போடுங்கள்.

ஊட்டி, எலக்ட்ரீஷியன்: பழைய சுவிட்சில் பிஎஸ்ஐ, புதியதில் பார், கேஜில் கிலோ. எப்படி ஒப்பிடுவது?

1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்), 1.02 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). பாரும் கிலோவும் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் பம்ப் வேலைக்குப் பாதகமில்லை.

அவரே மீண்டும்: ஜனவரியில் காலை எட்டு மணி வரை சுவிட்ச் வேலை செய்வதில்லை, பிறகு தானாகச் சரியாகிறது.

உறைபனிதான். சுவிட்சுக்குப் போகிற சின்னக் குழாயில் தண்ணீர் உறைந்துவிடுகிறது, வெயில் பட்டதும் இளகுகிறது. குழாயை முடிந்தவரை குட்டையாக்கி மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கேபிள் மேலிருந்து நுழைந்தால் மூடுபனித் தண்ணீர் அது வழியாகவே உள்ளே இறங்கும். கேபிளைக் கீழே வளைத்து, அடிப்பக்கமாக நுழையுங்கள்.