நாலு மாதப் பிள்ளையின் சளிக்குக் கற்பூரவள்ளியும் தேனும் கொடுக்கலாமா?

கேள்வி: நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மூன்று வயதில் ஒரு மகள், நாலு மாதத்தில் ஒரு மகன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சின்னவனுக்குச் சளி, மூக்கடைப்பு. கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். குளிப்பாட்ட வரும் ஆயா ஒரு உரமருந்துப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சூடம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவி வருகிறோம். பிள்ளைகளை இயற்கை முறையிலேயே வளர்க்க ஆசை. இவற்றில் எது சரி? வேண்டாம் என்றால் மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: நான் சித்த மருத்துவன். பச்சிலையும் மருந்தரைக்கும் கல்வமும்தான் என் பிழைப்பு. அதனால் நாட்டு மருந்தின் மேல் வெறுப்பில் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு மாதப் பிள்ளையின் வாய்க்குள் தாய்ப்பால் தவிர எந்தக் கைமருந்தும் போகக் கூடாது. ஆறு மாதம் முடியும் வரை இதுதான். கற்பூரவள்ளிச் சாறு, ஓமத்தண்ணீர், உரமருந்து, சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து இருந்தால் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

தேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். பிறந்த அன்றே சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்கும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. க்ளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து தேனில் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலம் கட்டும். பிறகு பால் உறிஞ்சுவது தளரும், அழுகை மெலியும், இமை தொங்கும், உடம்பு துவண்டுபோகும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்துவிட்டால் மூச்சையே நிறுத்தக்கூடியது. சூடு காட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். கொதிக்கவைத்தாலும் அந்த வித்து சாகாது. கொல்லியிலிருந்து வந்த மலைத்தேன், கண் முன்னால் எடுத்த கொம்புத்தேன், பெட்டித்தேன் எதுவானாலும் இதே கதைதான்.

ஒரு வயது முடிந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம், இருமலுக்கு நல்லதும்கூட. முடிந்த என்றால் முழுதாக முடிந்த பிறகு. பதினோரு மாதத்தில் நன்றாக நடக்கிறான், நாலு பல் வந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில்லை. ‘மருந்துக்குத்தானே, ஒரு சொட்டுதானே’ என்பதற்கும் விலக்குக் கிடையாது. உங்கள் மூத்தவளுக்கு மூன்று வயது. அவளுக்குக் கொடுக்கலாம்.

இப்போது அந்தப் பொட்டலம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உரமருந்து என்பது சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுட்ட வசம்பு என்று ஒவ்வொன்றாகக் கல்லில் உரசி எடுப்பது. அந்தக் காலத்துப் பாட்டிக்குத் தன் கையில் இருப்பது எந்தக் காய் என்று தெரியும். இன்றைக்குப் பொடியாக அரைத்து, பெயரும் தேதியும் இல்லாத காகிதத்தில் மடித்து வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இப்படி முகவரி இல்லாமல் வரும் பொடிகளில் ஈயமும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டது உண்டு. மூச்சிழுப்புக்கு என்று விற்ற பொடியில் ஸ்டீராய்டு என்ற வீரியமான ஆங்கில மருந்து கலந்திருந்ததும் உண்டு. கொடுத்த இரண்டு நாளில் சளி மாயமாக அடங்குகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

சித்த மருந்துக்கும் சட்டம் உண்டு. உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்த சரக்குகள் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். ஆனால் பேருந்து நிலையத்து வாசலில் ‘பரம்பரை வைத்தியம்’ என்று ஒலிபெருக்கி கட்டி விற்கிறார்களே, யார் போய்க் கேட்கிறார்கள்? நான் வேலை பார்த்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையாகச் செய்த மருந்து மாதக்கணக்கில் வந்து சேராது. வாசலுக்கு வெளியே பொட்டலக்காரர் கடை ஒருநாளும் காலியாகாது. எழுதிக் கேட்டால் ‘இண்டெண்ட் போட்டாச்சு’, அதாவது மருந்து கேட்டு மேலே எழுதியாச்சு என்று ஒரே பதில். சரபோஜி மன்னர் தஞ்சாவூரில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவசாலையை வைத்து, நம் வைத்தியர்களையும் ஐரோப்பிய மருத்துவர்களையும் சேர்த்து உட்காரவைத்து மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இந்தக் கூத்து.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்போம், பேர் சொல்லா மருந்து என்போம். அதில் பீட்டா அசரோன் என்ற சத்து இருக்கிறது. எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். இப்போது வசம்பு வளையல் என்று கோத்து விற்கிறார்கள். பிள்ளை அதைச் சப்பும், கயிறு அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். கழற்றிவிடுங்கள்.

பால் கக்கினால் தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வயிற்றை அமுக்கி, ஊதி, உள்ளே சிக்கியிருந்தது என்று அவர் காட்டும் துணுக்கு உங்கள் பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்ததில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை வயிற்றில் சோற்றுப் பருக்கை எப்படி வரும்?

சூடம் காய்ச்சிய எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். சூடம் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே பிள்ளைக்கு வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். கற்பூரவள்ளி வேறு, சூடம் வேறு, பெயர்தான் ஒன்று. வெறும் தேங்காய் எண்ணெயை உடம்பில் தடவி நீவலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொன்னால் ஆயாவைத் தடுத்துவிடுங்கள், மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் போகும். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவதும் வேண்டாம்.

சளிக்கு என்னதான் செய்வது? மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கேட்டு வாங்குங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டு, சுத்தமான துணியால் துடையுங்கள். குறைவாகக் குடித்தால் அடிக்கடி கொடுங்கள். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும்.

பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். உங்கள் மகன் வயதில் 50 அல்லது அதற்கு மேல் போனால் சளி நெஞ்சில் இறங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது தாண்டினால் 40. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் கொடுக்கும் ஆங்கில மருந்தையும் பாதியில் நிறுத்தாமல் கொடுங்கள்.

மாமியாரிடம் ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அவருக்குச் செடியைத் தெரியும், கைப்பக்குவம் தெரியும். இரண்டு கற்பூரவள்ளி இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து, அரைத் தேக்கரண்டித் தேனில் குழைத்து அவர் கையாலேயே மூத்தவளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சின்னவனுக்கு எப்போது என்று கேட்டால் அடுத்த ஆடிக்கு என்று சொல்லுங்கள், அதற்குள் அவனுக்கு ஒரு வயது முடிந்திருக்கும்.