நிழலில் பூக்கும் இம்பேஷன்ஸ்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கிழக்குப் பார்த்த வீடு. திண்ணையில் காலை எட்டு மணி வரைதான் வெயில். நர்சரியில் வாங்கிய இம்பேஷன்ஸ் சில நாள் நன்றாகப் பூத்தது. பிறகு தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டேனே, ஏன்?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இடம் பொருத்தமானதுதான். செடியைச் சாய்த்தது அந்த இரண்டு வேளைத் தண்ணீர். இதன் தண்டு முழுக்க நீர். மதிய வெக்கையில் மண் ஈரமாக இருந்தாலும் இலைகள் தொங்கிவிடும். மாலையில் தானாக நிமிரும். தாகம் என்று நினைத்து மதியமும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அப்போது பூஞ்சை நுழைந்து அடித்தண்டு அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும், காலையில், இலை மேல் படாமல் விடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நர்சரிக் கன்று பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில்தான் வளர்ந்திருக்கும். அதை அப்படியே களிமண்ணில் வைத்தால் வேர்க்கட்டி மட்டும் சொதசொதவென்று நிற்கும், வேர் வெளியே ஓடாது. தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று கலந்து வையுங்கள். ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி, பத்து அங்குலத்துக்கு மூன்று. அடியில் தட்டு வைத்தால் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

அடி அழுகிய செடியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் நுனி பச்சையாக இருந்தால் நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளையும் பூ மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, ஈரமான தென்னைநார்க் கழிவில் நிழலில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். பழைய மண்ணை இதே செடிக்குத் திரும்பப் போடாதீர்கள்.

இலை ஓரமெல்லாம் பழுப்பாகிக் கருகுகிறது. வெயில் படவே இல்லை. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு.
— வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. இலை நீரை ஆவியாக்கும்போது உப்பு ஓரத்தில் தங்கும். கருகல் அங்கிருந்துதான் தொடங்கும். கழுவாத தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். முடிந்தவரை மழைநீர் அல்லது உப்பில்லாத பொதுக் குழாய்த் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவி வருகிறது. இந்தச் செடிக்கு அது வேண்டவே வேண்டாம். உப்பு அதில்தான் கூடுதல்.

ஏப்ரலில் பூப்பது நின்றுவிடுகிறது. உரம் போதவில்லையா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

உரத்தால் ஆகாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈரமான நிழற்காடுகளில் பிறந்த செடி இது.  நம் கடற்கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் அதன் காலம். சித்திரை வெயிலில் பூவை எதிர்பார்க்காதீர்கள், செடி பிழைத்தால் போதும். பாதி உயரத்துக்கு வெட்டி, சுவரின் அனல் படாத வடக்குப் பக்கம், 75 சதவீத நிழல்வலைக்குள் வையுங்கள். உரத்தை நிறுத்திவிடுங்கள். இலையடியில் செஞ்சிலந்தி என்னும் சாறு உறிஞ்சும் நுண்பேன் வரும் நேரமும் இதுதான். இலை மேல் மங்கலான புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கு அடியில் இருக்கட்டும். மழை ஓய்ந்ததும் நுனி கிள்ளிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பதினைந்து நாளுக்கு ஒருமுறை. யூரியா போடாதீர்கள், இலை கொழுக்கும், பூ குறையும்.

மாமரத்தடியில் காசித்தும்பை விதைத்தேன். ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்கிறது, பூவே இல்லை. இதுவும் நிழல் செடிதானே?
— வாசகர், நெல்லிக்குப்பம்

ஒரே குடும்பம், குணம் வேறு. தண்டை ஒட்டிப் பூக்கும் காசித்தும்பைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், அரை நாள் வெயிலாவது. வெளிச்சம் தேடித்தான் நெடுக ஓடுகிறது. திறந்த இடத்தில் ஓரடி இடைவெளி விட்டுப் புதிதாக விதையுங்கள். மாமரத்தடிக்கு இம்பேஷன்ஸைத் தொட்டியோடு வையுங்கள். தரையில் நட்டால் மரத்தின் வேர் ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

இம்பேஷன்ஸ் விதை எடுக்கலாமா?
— வாசகி, வில்லியனூர்

எடுக்கலாம். முற்றிய காய் தொட்டவுடன் வெடித்துச் சிதறும் என்பதால் முன்பே மெல்லிய துணியால் சுற்றிக் கட்டுங்கள். விதையை மண்ணால் மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். வீரிய ஒட்டுரகமாக (ஹைப்ரிட்) இருந்தால் தாய்ச்செடியின் நிறம் வராது. அதே நிறம் வேண்டுமானால் நுனி வெட்டி ஊன்றுவதே வழி.