தேயிலையும் அஸ்பெஸ்டஸ் கூரையும்: புற்றுநோய் அரசியல் குறித்த கேள்வி பதில்

(கொழும்பு வாசகர்களுக்குப் பொதுச் சுகாதார வைத்தியர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

வெள்ளவத்தை வாசகி: அஸ்பெஸ்டஸ் புற்றுநோயைத் தரும் என்றால் அரசு ஏன் தடை செய்யவில்லை, டொக்டர்?

தடை செய்யத்தான் பார்த்தார்கள். 2018 ஜனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024 இல் முற்றாக நிறுத்துவதாகத் திட்டம். அது தொடங்குமுன், 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது; பொதியில் வண்டு இருந்ததாம். கூரைத் தகட்டில் சேரும் வெள்ளை அஸ்பெஸ்டஸை நமக்குப் பெருமளவில் விற்பதும் ரஷ்யாதான். நாம் கட்டுப்பாட்டைக் கைவிட்டோம், தேயிலைத் தடையும் நீங்கியது.

அறிவியல் இதில் இம்மியும் மாறவில்லை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. ஆனால் மூச்சோடு உள்ளே போன அஸ்பெஸ்டஸ் நார் நோயாக வெளிப்பட 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும். தேயிலை தேங்கினால் மறுவாரமே அமைச்சரின் கதவு தட்டப்படும். நோயாளி வந்து நிற்கும்போது அந்த அமைச்சர் பதவியில் இருக்கமாட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள்: கூரைத் தகட்டை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள். தூசுதான் ஆபத்து.

மலையகத் தேயிலைப் பகுதியான ஹட்டனைச் சேர்ந்தவர், கொழும்புப் புறக்கோட்டையில் வேலை: கொழும்பிலிருந்து சொல்வது எளிது. தேயிலை விற்காவிட்டால் என் அம்மாவின் வீட்டில் அடுப்பெரியாது.

உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. தேயிலையைக் கைவிடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூரையின் கீழ் மலையகத்திலும் ஆட்கள் படுக்கிறார்கள். அதை அறுத்து மாட்டுபவரும் கூலிக்காரர்தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் அரசு செய்தது சரியா, பிழையா?

பிழை. வண்டு பிரச்சினை என்றால் வண்டைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பூச்சி கொல்லும் புகையூட்டலையும் பரிசோதனையையும் இறுக்கியிருக்கலாம். அதற்கு ஈடாக நம் நுரையீரலைக் கொடுத்திருக்கக் கூடாது. சிறிய நாடு தனியே நின்றால் இப்படித்தான் வளைக்கப்படும். ஆபத்தான இரசாயனங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ரொட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெள்ளை அஸ்பெஸ்டஸைச் சேர்க்கப் பல முறை முயன்றார்கள். அந்தப் பட்டியல் தடைகூட அல்ல. ஏற்றுமதிக்கு முன் வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவே. ஆனால் எல்லா நாடுகளும் இணங்க வேண்டும் என்பதால் சில நாடுகள் மறுத்தே அதைத் தடுத்து வருகின்றன.

தெஹிவளை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி வாசகர்கள்: பழைய கூரையை உடனே கழற்றவா?

மூவருக்கும் ஒரே பதில். உடையாமல் இருந்தால் தொடாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், விடயம் தெரிந்தவரைக் கொண்டு நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். அறுக்கக் கூடாது என்று மேலேயே சொன்னேன்.

பம்பலப்பிட்டி: முள்ளுச் சீத்தா இலை குடித்தால் புற்றுநோய் மாறுமா?

மாறாது. உங்களுக்குச் சிகிச்சை தரும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வைத்தியரிடம் பேசுங்கள்.

மருதானை: நம் அரசியல் எப்போதாவது உருப்படியாகச் செய்ததுண்டா?

உண்டு. சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2012 இல் விதி வந்தது. நிறுவனம் வழக்குப் போட, நீதிமன்றம் அதைக் குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை மீட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியும் 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு இலவசம். உங்கள் மகளுக்குப் போடச் சம்மதியுங்கள்.

தெஹிவளை வாசகர் மீண்டும்: தகட்டில் ஒரே ஒரு துளையிட்டு மின்விசிறி மாட்டலாமா?

கூடாது. மரச் சட்டத்தில் மாட்டுங்கள்.