குமட்டுகிறது என்று வாரெனிக்லினை நிறுத்த வேண்டாமுங்க

அண்ணா, பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட், சிகரெட்டை விட உதவுகிற வாரெனிக்லின் மாத்திரை போட்டு நாலு நாளாகக் குமட்டல், சிகரெட்டும் விட்டபாடில்லை என்று எழுதியிருக்கீங்க. வெறும் வயிற்றில் போடாதீங்க. சாப்பிட்டதும் டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்க. அப்படியும் குமட்டினால் டாக்டர் அளவைக் குறைத்துத் தருவார், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முதல் வாரம் புகைத்துக்கொண்டே போடுவதுதான் வழக்கம், எட்டாம் நாளில்தான் விடச் சொல்வார்கள். அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. பொதுவாக 12 வாரம் எடுக்கணும். சிறுநீரகக் கோளாறோ வலிப்போ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க. மனசு ரொம்பத் தடுமாறினாலும் உடனே சொல்லுங்க.

அப்புறம், பேக்கரி வாசல். கூட்டாளிகளோடு டீயும் கையுமாக நிற்கிற பழக்கத்தை மாத்திரை மாற்றாது. கொஞ்ச நாளைக்கு டீயைப் பார்சல் வாங்கி உள்ளேயே குடிங்க. புகையிலையை விட உதவுகிற 1800-11-2356 இலவச எண்ணில் ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம். விடப்போகிற தேதியை இன்றைக்கே அவர்களிடம் சொல்லி வையுங்க.