ஈடிபஸ் செய்த பிழை எது? கதார்சிஸ், துன்பியல் நாயகன்: கேள்வி பதில்

துன்பியல் நாடகம் (tragedy) பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். இதில் அடிக்கடி வரும் ஈடிபஸ், சோஃபக்ளீஸ் எழுதிய கிரேக்க நாடகத்தின் நாயகன், தீப்ஸ் நகரத்து அரசன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், எம்.ஏ. ஆங்கிலம் முதல் வருடம் படிக்கிறேன். கதார்சிஸ் என்றால் மனதில் தேங்கிய உணர்ச்சிகள் வெளியேறுவது என்று எழுதினால் போதுமா?

பதில்: மார்க் கிடைக்கும், ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகும். அரிஸ்டாட்டில் துன்பியலுக்கு இலக்கணம் சொல்வது 'கவிதையியல்' என்ற தன் நூலின் 6-ஆம் அதிகாரத்தில். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அதன் வழியாக அவ்வகை உணர்ச்சிகளின் கதார்சிஸை நிகழ்த்துவது என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். 'அரசியல்' நூலின் 8-ஆம் பகுதியில் இசையைப் பற்றிப் பேசும்போது, கவிதை பற்றி எழுதும் இடத்தில் இதைத் தெளிவாகச் சொல்கிறேன் என்கிறார். நம் கைக்கு வந்திருக்கும் நூலில் அந்த விளக்கம் இல்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுகளாக விவாதம்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங், உணர்ச்சிகள் அளவுக்கு வந்து நற்பண்பாக மாறுவதே கதார்சிஸ் என்றார். 1857-ல் ஜெர்மன் அறிஞர் ஜேக்கப் பெர்னைஸ், வைத்தியர் பேதிக்குக் கொடுத்து உடம்பைச் சுத்தம் செய்வது போன்றது என்றார். நீங்கள் எழுதப்போவது இவர் சொன்னதைத்தான். 20-ஆம் நூற்றாண்டில் வந்த மூன்றாவது விளக்கம், நடந்தது ஏன் இப்படி நடந்தது என்று பார்ப்பவருக்குத் தெளிவதுதான் கதார்சிஸ் என்கிறது. எனக்கு இதுவே சரியென்று படுகிறது, ஏனென்றால் கவிதையியலில் அவர் அதிகம் அக்கறைப்படுவது கதைப்பின்னலைப் பற்றித்தான், ஒரு சம்பவம் இன்னொன்றிலிருந்து எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி. பரீட்சையில் மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தினமும் சீரியல் பார்த்து அழுகிறேன், அப்புறம் மனசு லேசாகிறது. இதுவும் கதார்சிஸா?

பதில்: மனசு லேசாவது நல்லதுதான் அம்மா. ஆனால் அழ வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு ஏதென்ஸிலேயே சாட்சி இருக்கிறது. கி.மு. 494-ல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரத்தைப் பிடித்து அழித்தார்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு அது சொந்தபந்தம் மாதிரியான ஊர். ஃபிரினிகஸ் என்ற நாடகாசிரியர் அதையே நாடகமாகப் போட்டார், அரங்கமே அழுதது.  சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாருமே நடத்தக்கூடாது என்று தடையும் விதித்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். காயம் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் வலி மட்டும்தான் மிஞ்சும், அதைப் புரிந்துகொள்ளும் இடைவெளி கிடைக்காது. சீரியலில் சிக்கல் வேறு: முடிவே வராமல் துன்பத்தின்மேல் துன்பமாக அடுக்கிக்கொண்டே போவதால் இது எங்கே ஆரம்பித்தது, ஏன் இங்கே வந்து நின்றது என்று முழுசாகப் பார்க்க வாய்ப்பில்லை. தொடக்கம், நடு, முடிவு உள்ள முழுமையான செயல் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

கேள்வி: ஈடிபஸின் ஹமார்ஷியா அவனுடைய ஆணவமும் கோபமும் என்று எங்கள் கைடில் இருக்கிறது. சரியா? (நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்)

பதில்: இல்லை. ஹமார்ஷியா என்றால் நாயகனை வீழ்த்தும் பிழை. எனக்கு மிகவும் முக்கியமான இடம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

13-ஆம் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் சொல்வது இது: துன்பியல் நாயகன் அப்பழுக்கில்லாத உத்தமனும் அல்ல, கெட்டவனும் அல்ல, நடுவில் இருப்பவன், அவன் விழுவது தீய குணத்தால் அல்ல, ஒரு பிழையால். தேடவேண்டியது என்ன செய்தான் என்பதை. நாமோ என்ன குணம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஈடிபஸுக்குக் கோபம் வரும், யாரும் மறுக்கவில்லை. மேடையில் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் மேல் பாய்கிறான், மைத்துனன் கிரியோன் மேல் சந்தேகப்படுகிறான். ஆனால் அப்பாவைக் கொன்றதும் அம்மாவை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிந்துபோனவை. மேடையில் அவன் சாந்தமாக இருந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? முச்சந்தியில் அவன் அடித்தது கோபத்தில்தான், அதுவும் முதல் அடி எதிர்த்தரப்பிலிருந்து வந்த பிறகு. ஆனால் கொல்வது யாரோ ஒரு வழிப்போக்கனை என்று நினைத்தான், தன் அப்பா என்று தெரியாது. அப்பாவைக் கொன்று அம்மாவை மணப்பாய் என்ற ஆரூடத்தைக் கேட்டு, பெற்றவர்கள் என்று தான் நம்பிய கொரிந்து அரசன் பாலிபஸுக்கும் அரசிக்கும் தீங்கு வந்துவிடக்கூடாது என்றுதான் கொரிந்துக்கே திரும்பாமல் தீப்ஸ் பக்கம் வந்தவன் அவன்.

கொரிந்திலிருந்து தூதுவன் வரும் காட்சியைப் படித்துப் பாருங்கள். பாலிபஸ் இறந்துவிட்டார் என்கிறான். அம்மாவைப் பற்றிய ஆரூடம் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று ஈடிபஸ் தயங்க, அந்தப் பயத்தைப் போக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் தூதுவன் உண்மையைச் சொல்கிறான்: அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, கித்தைரோன் மலையில் கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னை வாங்கி அவர்களிடம் கொடுத்தவன் நான்தான். ஈடிபஸ் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அத்தனை நேரமும் அவன் மனைவி ஜொகாஸ்டா, உண்மையில் அவனைப் பெற்றவள், பக்கத்திலேயே பேசாமல் நிற்கிறாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. இதோடு விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். தான் அடிமைக்குப் பிறந்தவனாக இருந்துவிடுவேனோ என்று இவள் வெட்கப்படுகிறாள் போலும் என்று ஈடிபஸ் நினைத்துக்கொள்கிறான். பயத்தைப் போக்க வந்தவனே பேரிடியை இறக்குகிறான். நிலைமை தலைகீழாவதற்கு இந்தக் காட்சியைத்தான் அரிஸ்டாட்டில் உதாரணம் காட்டுகிறார்.

இதையெல்லாம் ஆணவத்துக்குத் தண்டனை என்று சுருக்கினால் நமக்கு இரக்கம் எங்கிருந்து வரும்? தகாத துன்பம் வரும்போதுதான் இரக்கம், நம்மைப் போன்ற ஒருவனுக்கு வரும்போதுதான் அச்சம். இதுவும் அரிஸ்டாட்டில் சொன்னதே.

கேள்வி: அப்படியென்றால் தெரிந்தே கொலை செய்யும் மக்பெத்?

பதில்: ஷேக்ஸ்பியரின் மக்பெத் அந்த இலக்கணத்துக்குள் அடங்கமாட்டான். டங்கன் தன் அரசன், உறவினன், அன்று தன் வீட்டு விருந்தாளி என்று தனக்குத்தானே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொல்கிறான். இரக்கம் குறைவு, அச்சம் அதிகம். பெரிய நாடகம்தான், அதை அரிஸ்டாட்டிலுக்குள் திணிக்காதீர்கள்.

கேள்வி: நாயகன் ராஜாவாகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 1949-ல் ஆர்தர் மில்லர், 'ஒரு விற்பனையாளனின் மரணம்' அரங்கேறிய அதே மாதத்தில், சாதாரண மனிதனும் துன்பியலுக்கு உரியவனே என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். நான் அவர் பக்கம். ஆனால் அந்த நாடகத்தின் நாயகன் வில்லி லோமன் கடைசிவரை தன்னைப் புரிந்துகொள்வதில்லை, அந்தத் தெளிவு மகன் பிஃபுக்குத்தான் கிடைக்கிறது. ஈடிபஸில் இருக்கும் நிறைவு அங்கே இல்லாததற்கு என் கணக்கில் அதுவே காரணம்.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் துன்பியல் நாயகன் யார், கோவலனா?

பதில்: கோவலன் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சொல்வேன். ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானம் செய்யப் போகும் அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல், சிலம்பு அவன் கையில் இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்று சொல்லிவிடுகிறான். கொடுங்கோலன் அல்ல, ஒரு நொடி ஆராயத் தவறியவன். வழக்குரை காதையில் தன் தேவியின் சிலம்பில் முத்து என்று அவனே வாயால் சொல்கிறான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் அவன் முகத்தருகே தெறிக்கிறது. அந்தக் கணத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிகிறது, விழவும் செய்கிறான்: "யானோ அரசன் யானே கள்வன்". புரிதலும் வீழ்ச்சியும் இப்படி ஒன்றாக வருவதைத்தான் அரிஸ்டாட்டில் சிறந்தது என்றார். ஆனால் இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. மதுரை எரிகிறது, வஞ்சியில் கல் நாட்டுகிறார்கள். காப்பியத்தின் நோக்கமே வேறு, அதனால் முழு நூலையும் கிரேக்க அளவுகோலால் அளக்க நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: கோபம் வந்தால் தலையணையைக் குத்து, கதார்சிஸ் ஆகிவிடும் என்கிறார்களே?

பதில்: அது வந்த பாதை வேறு. 1895-ல் மருத்துவர்கள் ப்ராயரும் ஃப்ராய்டும் தங்கள் சிகிச்சைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். மேலே சொன்ன பெர்னைஸ், ஃப்ராய்டின் மனைவிக்குப் பெரியப்பா சித்தப்பா முறை. பிறகு அது கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது என்று சுருங்கிவிட்டது. 2002-ல் அமெரிக்காவில் உளவியலாளர் பிராட் புஷ்மன் செய்த ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடத்தான் செய்தது. அதைத் துன்பியலோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது?

பதில்: கவிதையியலிலிருந்து வேண்டாம். முதலில் ஈடிபஸ் நாடகத்தை ஒரே அமர்வில் முழுக்கப் படியுங்கள், இரண்டு மணி நேரம் போதும், முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு. அப்புறம் அதே சோஃபக்ளீஸின் ஆண்டிகனி. அதில் நாயகன் கிரியோனா ஆண்டிகனியா என்று உங்களுக்குள் சண்டை வந்த பிறகு கவிதையியலின் 6, 11, 13, 14 அதிகாரங்களை எடுங்கள். 13-லும் 14-லும் அவர் தனக்குத்தானே முரண்படுவது போலத் தெரியும்: முன்னதில் துன்பத்தில் முடிவது சிறந்தது என்பார், பின்னதில் கொலை நடக்கும் முன் கடைசி நொடியில் அடையாளம் தெரிந்து தப்புவது சிறந்தது என்பார். அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம்.