ஜாபுவாவில் மக்கள் குறையவில்லை, மாவட்டம்தான் பிரிந்தது

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்ட மக்கள்தொகை 2001-இல் 13.94 லட்சம், 2011-இல் 10.25 லட்சம். இது குறைந்ததுபோலத் தெரிவதற்கு இடப்பெயர்வுதான் காரணம் என்று எழுதுவது தவறு. 2001 கணக்கு பழைய ஜாபுவாவுக்கு உரியது. 2008 மே மாதம் அலிராஜ்பூர் அதிலிருந்து தனி மாவட்டமாகிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் மாவட்ட விவரங்களை ஒப்பிடும்போது இந்தப் பிழை எளிதில் நேர்வதுதான்.

2011-இல் அலிராஜ்பூரில் இருந்த 7.29 லட்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். 17.5 லட்சம் வரும். அதாவது பத்தாண்டில் கால்பங்கு கூடியிருக்கிறது.

ஆனால் ஒன்று, இடப்பெயர்வே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். அறுவடை முடிந்ததும் பில் பழங்குடிக் குடும்பங்கள் பல கைக்குழந்தையோடு குஜராத்துக்குக் கட்டட வேலைக்குப் போகின்றன. ஹோலிக்கு முன் நடக்கும் பகோரியா திருவிழாச் சந்தைக்குத்தான் ஊர் திரும்புகின்றன. 2011 கணக்கெடுப்பு நடந்ததோ அதற்கு முன்பே, பிப்ரவரியில். அந்த வலி மாவட்ட மொத்தத்தில் தெரியாது.