கன்சல்டிங்கை விட்டுட்டு கம்பெனி ஸ்ட்ராட்டஜி டீமுக்கு: கேளுங்க, சொல்றேன்

கன்சல்டிங்ல, அதாவது மத்த கம்பெனிகளுக்கு யோசனை சொல்ற வேலைல இருந்துட்டு, இப்ப ஒரு மேனுஃபேக்சரிங் க்ரூப்ல ஸ்ட்ராட்டஜி பாக்குறேன், அதாவது கம்பெனி அடுத்து எங்க போகணும்னு உள்ளேயே இருந்து திட்டம் போடுற வேலை. மாறலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, மூணு வருஷம் ஆகுது, இப்பவே தாவலாமா?

பதில்: ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு பகுதியவாவது க்ளையன்ட் முன்னாடி நீயே நின்னு முடிச்சிருந்தா தாவலாம்ப்பா. மேனேஜர் ஆனப்புறம் வந்தா டீமையே கைல குடுப்பாங்க, அதுக்கு முன்னாடி வந்தா மொதல்ல எக்செல்தான்.

கேள்வி: வேலை நிஜமாவே வேறயா மேடம்? இங்கயும் அதே பிபிடி தானே?

பதில்: பிபிடி அதேதான், ஆனா குடுத்துட்டு கெளம்ப முடியாது. ஏப்ரல்ல தொடங்குற வருஷத்துக்கு அக்டோபர், நவம்பர்லயே பட்ஜெட் பேச்சு ஆரம்பிச்சிடும், பிசினஸ் ஹெட் 12% வளர்ச்சின்னு எழுதிட்டு வருவாரு, உங்க கணக்குல 18% வரும், அத எம்டி முன்னாடி திடீர்னு ஸ்க்ரீன்ல போட்டீங்கன்னா கணக்கு சரியாவே இருந்தாலும் அந்த மனுஷன் அப்புறம் உங்களுக்கு ஒரு டேட்டா கூட தர மாட்டாரு. முந்தின நாளே அவரு ரூமுக்குப் போயி காட்டிடுங்க. "ரெண்டாவது ப்ரொடக்‌ஷன் லைன் ஜூலைக்கு முன்னாடி ஓடாதும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, உங்க எக்செல் கணக்கே மாறிடும். அதோட அடுத்த வருஷமும் நீங்க அங்கயேதான் இருப்பீங்க, போட்ட நம்பர் வந்துச்சான்னு உங்களைத்தான் கேப்பாங்க. எனக்கு இந்த வேலை புடிச்சதே அதனாலதான்.

கேள்வி: சம்பளம் கொறையுமா?

பதில்: கம்பெனியப் பொறுத்தது. ஈசாப், அதாவது கம்பெனி ஷேர பின்னாடி ஒரு விலைக்கு வாங்கிக்கிற உரிமை, குடுத்தா மட்டும் நல்லா படிச்சுப் பாருங்க, பொதுவா ஷேரா மாத்துறப்பவே சம்பள வருமானமா டாக்ஸ் வந்துடும், விக்கிறப்ப வர்ற லாபத்துக்கு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் தனி. ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆகாத கம்பெனின்னா கைல காசு வர்றதுக்கு முன்னாடியே டாக்ஸ் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய க்ளையன்ட்டே கூப்பிடுறாங்க, போலாமா?

பதில்: மொதல்ல உங்க கான்ட்ராக்ட்டப் பாருங்க, உங்க கன்சல்டிங் கம்பெனி பார்ட்னர்கிட்ட நேரா பேசுங்க. மத்த க்ளையன்ட்டோட ஃபைல் ஒண்ணு கூட எடுத்துட்டுப் போயிடாதீங்க.

கேள்வி: ஸ்ட்ராட்டஜிலயே மாட்டிக்குவோமோன்னு பயமா இருக்கு.

பதில்: நம்ம சென்னைல பொறந்த இந்திரா நூயியப் பாருங்க. பிசிஜிங்கிற கன்சல்டிங் கம்பெனி, அப்புறம் மோட்டோரோலா, ஏபிபின்னு போயி 1994ல பெப்சிகோவுக்கு ஸ்ட்ராட்டஜி பாக்கத்தான் வந்தாங்க. 1997ல கேஎஃப்சி, பீட்சா ஹட்டையெல்லாம் தனியா பிரிச்சு விட்டது, 1998ல ட்ராபிகானாவ வாங்கினது, ரெண்டுலயும் அவங்க பங்கு பெருசு. அப்புறம் சிஎஃப்ஓ, 2006ல சிஇஓ. யோசனை சொன்னதோட நிக்காம டீல் முடியிற வரைக்கும் கூடவே நின்னாங்க, எல்லாருக்கும் சிஇஓ சீட் கெடைக்காதுதான், ஆனா பிசினஸ் பக்கம் போக வழி அதுதான்.

கேள்வி: இன்டர்வியூல நாம என்ன கேக்கணும் அக்கா?

பதில்: டீம் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுது, இதுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க, இந்த ரெண்டும் கண்டிப்பா கேளு. அவங்க அதே கம்பெனில ஒரு பிசினஸ நடத்திட்டு இருந்தா கண்ண மூடிட்டு சேரு. எல்லாரும் ஒரே வருஷத்துல வெளிய போயிருந்தா வேண்டாம், எவ்ளோ சம்பளம் குடுத்தாலும்.